‘இலங்கையர்’ என்று யார் யாரிடம் சொல்கிறார்கள்?

மார்ச் 2, வெள்ளவத்தை வாசகர் ஒருவரின் கேள்வி

சென்னையிலிருந்து வேலை விஷயமாக வந்த ஒருவர் என்னிடம் கேட்டார், "உங்க நாட்டு ஜனங்களை நீங்க என்னன்னு சொல்லுவீங்க?" என்று. ‘இலங்கையர்’ என்றேன். சொன்ன பிறகு யோசித்தால், அந்தச் சொல்லை அதற்கு முன் வாயால் சொன்ன ஞாபகமே வரவில்லை. பேப்பரில் வாசித்திருக்கிறேன், செய்தியில் கேட்டிருக்கிறேன், அவ்வளவுதான். சிங்களத்தில் ‘லாங்கிகயோ’ என்று சரளமாக வருகிறது. தமிழில் பேச்சுக்கு ஒரு பொதுப் பெயர் நமக்கு இல்லை என்பது என் கட்சி. மறுக்கிறவர்கள் மறுக்கலாம்.

மார்ச் 2, இரவு

பாதிக்கு ஒத்துக்கொள்கிறேன். எனக்குக் கொட்டாஞ்சேனையில் ஒரு கொமியுனிகேஷன் இருக்கிறது. போட்டோக்கொப்பி, லெமினேட், ரீலோட், கூடவே படிவம் நிரப்பிக் கொடுப்பது. காசு வருவது முதல் மூன்றில், பொழுது போவது நாலாவதில். ‘பிரசாவுரிமை’ என்ற கட்டத்துக்கு வந்து "என்ன போடட்டும்?" என்று கேட்டால் பாதிப் பேர் "தமிழ்" என்பார்கள். "அது இனம், அதுக்கு மேல ஒரு கட்டம் இருக்கு, இது வேற" என்று விளக்கினால், "இலங்கை எண்டு போடுங்கோ தம்பி" என்பார்கள் யாழ்ப்பாணத்து அம்மாமார். ஒரு வயதானவர் கொஞ்சமும் யோசிக்காமல் "சிலோன்" என்றார். ‘இலங்கையர்’ என்று ஒருவர்கூடச் சொன்னதில்லை. நாட்டின் பெயர் வாயில் வருகிறது, நாட்டு மனிதரின் பெயர் வருவதில்லை.

ஆனால் சிங்களத்தைப் பற்றி நீங்கள் சொன்னதில் எனக்குச் சந்தேகம். ‘லாங்கிகயோ’ மேடைக்கும் டீவிக்கும் உரியது. என் கடைக்குப் பக்கத்தில் மரக்கறி விற்கிறவர் ‘லங்காவே மினிஸ்ஸு’ என்பார், எரிச்சல் வந்தால் ‘அப்பே மினிஸ்ஸு’ என்று தலையில் அடித்துக்கொள்வார். இலங்கை ஆக்கள், எங்கட ஆக்கள். தமிழிலும் அதே கதைதான். "நம்ம ஆக்கள் ஒழுங்கா லைன்ல நிக்க மாட்டாங்க" என்று சொல்லும்போது அந்த ‘நம்ம ஆக்கள்’ தமிழரா, முழு நாடா? லைனைப் பார்த்தால் தெரியும், முழு நாடுதான்.

மார்ச் 3

தெஹிவளையிலிருந்து ஒருவர் கிரிக்கெட்டை இழுத்திருக்கிறார். 1996 மார்ச் 17, லாகூரில் அவுஸ்திரேலியாவை வென்ற இரவு எல்லாரும் ‘இலங்கையர்’ ஆனோமே என்கிறார். ஆனோம், சரி. அந்தச் சொல்லை யார் சொன்னார்கள்? எங்கள் தெருவில் "நாம வென்டுட்டோம்" என்று கத்தியதுதான் எனக்குத் தெரியும். முரளி பந்து போட்டாலும் ‘நாம’, ஜயசூரிய அடித்தாலும் ‘நாம’. தோற்கிற நாளில் மட்டும் ‘இவனுங்க’. அதற்கும் நாட்டின் பெயர் தேவைப்படவில்லை.

மார்ச் 5

நாட்டின் பெயரோடு ‘-காரர்’ சேர்த்தால் அது யாரைக் குறிக்கும் என்று யாழ்ப்பாண வாசகர் எழுப்பிய கேள்வி நல்ல கேள்வி. இதைச் சுருக்கமாக முடிக்க எனக்கு மனமில்லை.

ஓகஸ்ட் மாதம் வெள்ளவத்தையில் ஒரு சாப்பாட்டுக் கடையில் காது கொடுத்துக்கொண்டு இருங்கள். "கனடாக்காரர் வந்திருக்கினம்", "சுவிஸ்காரரின்ர கலியாணம்", "லண்டன்காரர் ஃபிளாட் வாங்கிட்டினம்". இவர்களில் ஒருவரும் கனடா மனிதர், சுவிஸ் மனிதர் என்ற பொருளில் பேசப்படவில்லை. கனடாக்காரர் என்றால் சுன்னாகத்திலோ நெல்லியடியிலோ பிறந்து ஸ்காபரோவில் வீடு வாங்கியவர். லண்டன்காரர் லண்டனில் இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. மான்செஸ்டரில் இருந்தாலும் அவர் லண்டன்காரர்தான், இங்கிலாந்து முழுக்க நமக்கு லண்டன்.

அப்படியென்றால் பரம்பரை பரம்பரையாகக் கனடாவில் இருக்கும் ஒரு கனடியர் காலி வீதியில் நடந்து போனால்? ‘வெள்ளைக்காரர்’. போலந்து, நோர்வே, நியூசிலாந்து எல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் அடக்கம். தென்கரையில் ரஷ்யர் நிறையத் தங்கத் தொடங்கிய பிறகு ‘ரஷ்யாக்காரர்’ மட்டும் தனிக்குடித்தனம் போய்விட்டது. மிச்சப் பேர் இன்னும் கூட்டுக் குடும்பம்தான்.

சீனாவின் கதை வேறு. ‘சீனர்’ பத்திரிகைக்கு, ‘சீனாக்காரர்’ வாய்க்கு. 2014இல் காலிமுகத்திடலுக்குப் பக்கத்தில் கடலை நிரப்பி போர்ட் சிட்டி கட்ட ஆரம்பித்த பிறகு சீனாக்காரர் என்றால் பெரிய கொந்தராத்து, பெரிய கிரேன். என் அம்மாவுக்கோ சீனாக்காரர் என்றால் சைக்கிளில் துணி மூட்டை கட்டிக்கொண்டு தெருத் தெருவாய் வந்தவர். பல் கட்டுவதற்கும் சீனாக்காரரிடம்தான் போவார்கள். அந்தக் குடும்பங்களின் பிள்ளைகள் இங்கேயே பிறந்து, சிங்களம் பேசி, இங்கேயே தொழில் செய்கிறார்கள். போர்ட் சிட்டிக்கும் அவர்களுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. பெயர் மட்டும் ஒன்று.

மார்ச் 5, பிறகு

படுக்கப் போகும் முன் ஒன்று. ‘சிறிலங்கன்’ என்ற சொல் தமிழ்ப் பேச்சில் இல்லை என்று யாரோ கீழே எழுதியிருக்கிறீர்கள். தாராளமாக இருக்கிறதே. "சிறிலங்கன்ல வந்தன், சாப்பாடு பரவாயில்ல." விமானம்!

மார்ச் 7

‘சிலோன்’ பற்றிப் பல பேர் உருக்கமாக எழுதியிருக்கிறீர்கள். 1972 மே 22இல் குடியரசானபோது பெயர் மாறியது, அதோடு ஒரு காலமே போய்விட்டது என்று. ஆங்கிலத்தில் வாசித்தவர்களுக்கு அது சரி. தமிழில் மட்டும் வாசித்த என் அப்பாவுக்கு அன்றைக்கு என்ன மாறியிருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். ஆங்கிலத்தில் இன்றும் சிலோன் ஒட்டிக்கொண்டிருக்கும் அரச வங்கி தமிழில் எப்போதும் இலங்கை வங்கிதான். கரண்ட் பில்லில் நாம் பார்த்து வளர்ந்த பெயர் இலங்கை மின்சார சபை. தபால் முத்திரையில் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் ஸ்ரீ லங்கா, நடுவே தமிழில் இலங்கை. 2011இல் அரச நிறுவனங்களின் பெயரிலிருந்து சிலோனை எடுக்க வேண்டும் என்று அரசாங்கம் முடிவெடுத்தபோது, தமிழ்ப் பெயர்ப்பலகை எழுதுகிறவருக்கு அதில் வேலையே இருந்திருக்காது.

சிலோன் உயிரோடு இருப்பது தேயிலைப் பெட்டியிலும் தமிழ்நாட்டிலும்தான். அங்கே இன்னும் நாம் ‘சிலோன்காரங்க’, பழைய ஆக்களுக்கு நம் வானொலி ‘சிலோன் ரேடியோ’, இரவுக் கடைகளில் சிலோன் பரோட்டா. அந்தப் பரோட்டாவை இங்கே எவருக்கும் தெரியாது என்பது வேறு விஷயம்.

மார்ச் 8

கோயம்புத்தூர் வாசகருக்கு: ‘ஈழத்தமிழர்’ என்று சொன்னால் என்ன என்று கேட்கிறீர்கள். உங்கள் ஊரில் அது அன்றாடச் சொல், இங்கே இடம் பார்த்துச் சொல்ல வேண்டிய சொல். வெள்ளவத்தையில் கொழும்புத் தமிழ்ச் சங்கத்துக் கூட்டமென்றால் ‘ஈழத்து எழுத்தாளர்’, ‘ஈழத்து நாடகம்’ என்று மைக்கில் சொல்வார்கள், ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அதே மனிதர் வெளியே வந்து பஸ் ஏறியதும் குரலை இறக்கிவிடுவார். சொல்லின் வயதுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்துக்கு வந்து இறங்கும் பொருள்களில் ஈழத்து உணவும் உண்டு. தேசிய கீதத்தின் தமிழ் வடிவத்திலேயே ‘ஈழ’ வருகிறது. 2016 பெப்ரவரி 4இல் அரச சுதந்திர தின விழாவில் பல வருட இடைவெளிக்குப் பிறகு அதைத் தமிழில் பாடினார்களே, அன்றைக்கும் பாடியது அதே வரிகளைத்தான்.

சரி, ‘ஈழத்தமிழர்’ என்ற அந்தக் கூடைக்குள் நானும் அடக்கமா என்பது எனக்கே தெளிவில்லை. ஏன் என்று நாளைக்கு எழுதுகிறேன், கடை திறக்க நேரமாகிவிட்டது.

மார்ச் 9

என் தாத்தா மலைநாட்டில் ஹட்டன் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்தவர். அப்பா பதினாறு பதினேழு வயதில் கொழும்புக்கு வந்து புறக்கோட்டையில் கடைச் சிப்பந்தியாக நின்றார். நான் பிறந்தது கொட்டாஞ்சேனை. என் பிறப்புச் சான்றிதழில் தகப்பனின் இனம் ‘இந்தியத் தமிழர்’. நான் இந்தியாவைப் பார்த்தது திருச்சியில் ஒரு கலியாணத்துக்குப் போனபோது, அதுவும் விசா எடுத்து, சுற்றுலாப் பயணியாக.

இந்தப் பெயருக்குப் பின்னால் இருப்பதைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். 1911 குடிசன மதிப்பில்தான் தமிழரை இலங்கைத் தமிழர், இந்தியத் தமிழர் என்று இரண்டு கட்டமாகப் பிரித்து எண்ணினார்கள். எண்ணுவதற்காகப் போட்ட கோடு பிறகு சட்டத்துக்குள் நுழைந்தது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் வந்ததும் தோட்டத்து மக்களில் பெரும்பாலானவர்கள் எந்த நாட்டுக்கும் பிரசை இல்லாதவர்கள் ஆனார்கள். 1964 ஒக்டோபரில் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம்: 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியா எடுக்கும், 3 இலட்சம் பேருக்கு இலங்கை பிரசாவுரிமை கொடுக்கும். மிச்சம் ஒன்றரை இலட்சம் பேரை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்தார்கள். 1988இல் ஒரு சட்டம், 2003இல் இன்னொரு சட்டம் வந்து மிஞ்சியிருந்தவர்களுக்கும் பிரசாவுரிமை கிடைத்தது.

தாத்தாவின் தம்பிக்கு ‘பாஸ்போட் வந்தது’. எங்கள் வீட்டில் அப்படித்தான் சொல்வார்கள், அம்மை வந்தது, காய்ச்சல் வந்தது என்கிற மாதிரி. தலைமன்னார் வரைக்கும் கோச்சி (ரயில்), அங்கிருந்து கப்பலில் ராமேஸ்வரம், பிறகு கோத்தகிரிப் பக்கம் மறுபடியும் தேயிலை. இங்கே இருந்த நாளெல்லாம் அவரை ‘இந்தியாக்காரன்’ என்றவர்கள் உண்டு. அங்கே போய் இறங்கிய நாளிலிருந்து அவர் ‘சிலோன்காரன்’. திருச்சிக் கலியாணத்தில் அவருடைய மகனைச் சந்தித்தேன். எனக்குச் சித்தப்பா முறை. ஊட்டியில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளின் அப்பா அவர், அவரையும் அக்கம்பக்கத்தில் ‘சிலோன்காரரு’ என்கிறார்கள். "அங்க இருக்கையில இங்கத்த பேரு, இங்க வந்தா அங்கத்த பேரு, நமக்குன்னு ஒருத்தனும் இருக்குற எடத்து பேர வைக்க மாட்டேங்குறான்" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

இப்போது மார்ச் 5 குறிப்பை மறுபடி வாசித்தால் கனடாக்காரரும் இதே சூத்திரம்தான். ‘-காரர்’ என்பது ஒருவர் எங்கே இருக்கிறாரோ அந்த இடத்தில் ஒட்டாது, எங்கே இல்லையோ அங்கேதான் ஒட்டும். வித்தியாசம் என்னவென்றால், கனடாக்காரர் என்று கூப்பிட்டால் அவருக்குப் பெருமை. இந்தியாக்காரன் என்று கூப்பிடப்பட்டவருக்கு வாக்குரிமை போனது.

மார்ச் 9, பின்னேரம்

விட்டுப்போனது. புறக்கோட்டையில் குஜராத் பக்கமிருந்து வந்த போரா வியாபாரிகள் இருக்கிறார்கள், சிந்திகள் இருக்கிறார்கள், மேமன்கள் இருக்கிறார்கள். பெரிய பெரிய கடைகள். நான் கேட்டவரைக்கும் அவர்களை எவரும் ‘இந்தியாக்காரர்’ என்பதில்லை. ‘போரா முதலாளி’, ‘சிந்திக் கடை’. மூன்று தலைமுறையாகக் கொழுந்து பறித்தவர்களுக்குத்தான் இந்தியா என்ற அடைமொழி. கணக்குப் போட்டுப் பாருங்கள்.

‘கள்ளத்தோணி’, ‘தோட்டக்காட்டான்’ என்ற வசைகளைப் பற்றி ஒருவர் கேட்டிருந்தார். ஆமாம், பள்ளிக்கூடத்தில் எனக்கும் விழுந்தது. விழுந்தது சிங்களத்தில் மட்டும் அல்ல என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

மார்ச் 10

‘மலையகத் தமிழர்’ என்ற பெயர் ஏன் எனக்குப் போதவில்லை என்று ஹட்டன் வாசகர் கோபப்படுகிறார். போதவில்லை என்று நான் எங்கேயும் எழுதவில்லை. அது அந்த மக்கள் தங்களுக்குத் தாங்களே வைத்துக்கொண்ட பெயர், அதனாலேயே மரியாதையான பெயர். 2024 குடிசன மதிப்பில் அந்தக் கட்டத்துக்கு இந்தியத் தமிழர் என்பதோடு மலையகத் தமிழர் என்றும் போட்டார்கள், நல்லது. கொழும்பில் பிறந்து மலையை விடுமுறைக்கு மட்டும் பார்த்த எனக்கு அது பொருந்துமா என்பது என் சொந்தத் தலைவலி.

2012 கணக்கில் நாடு முழுக்க இந்தியத் தமிழர் ஏறத்தாழ 8 இலட்சத்து 40 ஆயிரம். உண்மையில் அதைவிட அதிகம் என்று பலர் சொல்வார்கள், ஏனென்றால் நிறையப் பேர் ‘இலங்கைத் தமிழர்’ என்று பதிந்துவிடுகிறார்கள். என் தங்கை அப்படித்தான். நான் பழையதையே வைத்திருக்கிறேன், பிடிவாதம் ஒன்றும் இல்லை, திருத்தப் போனால் அலைச்சல்.

மார்ச் 12

மாளிகாவத்தை சகோதரருக்கு நன்றி. அவர் சொல்வது: "படிவத்தில் நாங்கள் ‘இலங்கைச் சோனகர்’. வீட்டில் தமிழ் பேசுகிறோம். ஆனால் ‘நீங்க யார்?’ என்று கேட்டால் ‘முஸ்லிம்’ என்போம். சோனகர் என்று என் உம்மா சொல்லி நான் கேட்டதே இல்லை."

சோனகர் கொழும்பில் தெருப் பெயரில் இருக்கிறார்கள், பழைய சோனகத் தெரு, புதிய சோனகத் தெரு. பேச்சில், அண்ணன் என்ற பொருளில், ‘நானா’ தான். முன்பு குடிசன மதிப்பில் இலங்கைச் சோனகர், இந்தியச் சோனகர் என்றும் கோடு போட்டிருந்தார்கள். எங்களுக்குப் போட்ட அதே கோடு.

மலாய் மக்களை முஸ்லிம் நண்பர்கள் ‘ஜாவா ஆக்கள்’ என்பார்கள். அவர்களும் தங்களை ‘ஒராங் ஜாவா’ என்றே சொல்லிக்கொள்வார்கள், முன்னோர் எல்லாரும் ஜாவாத் தீவிலிருந்து வராவிட்டாலும். கொம்பனித் தெருவில் கேட்டுப் பாருங்கள். போர்த்துக்கேய, ஒல்லாந்த வழிவந்த பறங்கியரைப் பற்றி எழுத ஒரு பறங்கியர் வந்தால்தான் சரி.

குடிசன மதிப்புப் பட்டியலில் செட்டி, பரதர் என்றும் தனித்தனிக் கட்டங்கள் உண்டு என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? கொழும்புச் செட்டிகளைத் தமிழர் என்று எழுதிவிட்டால் அவர்கள் விடமாட்டார்கள். ஒரு முறை எழுதி, படிவத்தைக் கிழித்துப் புதிதாக நிரப்ப வேண்டி வந்தது. காகிதக் காசு என்னுடையது.

மார்ச் 15

இழை எங்கெங்கோ போகிறது, போகட்டும். கொழும்பில் பிறந்தவர்களுக்கு ஒரு பெயர் இருக்கிறதா? யாழ்ப்பாணத்தார் உண்டு, மட்டக்களப்பார் உண்டு. கொழும்பார்? கேட்டதில்லை. ஏனென்றால் கொழும்பை ஒரு தமிழருக்குச் சொந்த ஊராக யாரும் ஒத்துக்கொள்வதில்லை.

"தம்பிக்கு ஊர் எது?"
"கொழும்பு."
"அது சரி, சொந்த ஊர்?"

தமிழரே தமிழரிடம் இப்படிக் கேட்பார்கள். யுத்த காலத்தில் இதே கேள்வி சோதனைச் சாவடியில் சிங்களத்தில் வந்தது, அப்போது பதில் சொல்ல நாக்கு வரண்டது. 2007 ஜூன் 7ஆம் திகதி அதிகாலையில் கொழும்பு லொட்ஜ்களில் தங்கியிருந்த முன்னூறுக்கு மேற்பட்ட தமிழரை பஸ்ஸில் ஏற்றி வவுனியாப் பக்கம் அனுப்பினார்கள். மறுநாள் உயர் நீதிமன்றம் அதைத் தடுத்தது. அன்றைக்கு அவர்கள் எல்லாரிடமும் அடையாள அட்டை இருந்திருக்கும், எல்லாரும் காகிதத்தில் இலங்கைப் பிரசைகள். ‘எந்த ஊர்’ என்பதுதான் பஸ்ஸில் ஏற்றியது.

அரசியலமைப்பின் 26ஆம் உறுப்புரையை வாசித்துப் பாருங்கள். பிரசாவுரிமை ஒரே அந்தஸ்து, வம்சாவழியால் வந்ததா பதிவால் வந்ததா என்று பார்த்துப் பிரசைகளுக்கிடையே வேறுபாடு காட்டக்கூடாது என்கிறது. அப்புறம் அரச வேலை விண்ணப்பத்தை எடுத்துப் பாருங்கள். ‘இலங்கைப் பிரசையா? வம்சாவழியாலா, பதிவினாலா?’ என்று கட்டம் இருக்கும். ஹட்டனிலிருந்து வந்து இங்கே தங்கி வேலை தேடும் பிள்ளைகள் அந்தக் கட்டத்தில் வந்து பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்ப்பார்கள். "அப்பாகிட்ட போன் பண்ணிக் கேளுங்க" என்பேன். அப்பா, தாத்தாவின் தகரப் பெட்டியைத் திறக்கப் போவார்.

மார்ச் 16

மேலே எழுதியது கனமாகிவிட்டது. முதல் கேள்விக்காரருக்குச் சுருக்கமாக: ‘இலங்கையர்’ வாயில் வரும் இடம் ஒன்று இருக்கிறது. எதிரே வெளிநாட்டவர் நிற்க வேண்டும். உங்களுக்கும் அதுதானே நடந்தது? சென்னைக்காரர் கேட்டார், வந்தது. வெள்ளவத்தைக்காரர் கேட்டிருந்தால் "யாழ்ப்பாணம்" என்றிருப்பீர்கள்.

மார்ச் 21

பெண்பாலைப் பற்றி யாரும் பேசவில்லை என்று ஒரு வாசகி குறை சொல்லியிருக்கிறார். நியாயம். லண்டன்காரி, இந்தியாக்காரி, வெள்ளைக்காரி எல்லாம் உண்டு. இலங்கையர் என்பதிலிருந்து ஒரு பெண்ணை எடுக்க முடியாது. ‘இலங்கையள்’ என்று யாராவது சொன்னால் கல்லெறி விழும். ‘இலங்கைப் பெண்’ என்று சுற்றித்தான் வர வேண்டும்.

இதைக் கடைக்கு வரும் ஒரு அக்காவிடம் சொன்னேன். பெய்ரூத்தில் வீட்டு வேலை செய்துவிட்டு வந்தவர், இப்போது ஜிந்துப்பிட்டியில் இடியப்பம் அவித்து விற்கிறார். "உங்க தமிழ்ல இல்லாட்டி என்ன, அரபில இருக்கு" என்றார். அங்கே ‘சிறிலங்கியே’ என்றால் இலங்கைப் பெண் என்றுதான் முதலில் அர்த்தம். இங்கிருந்து அவ்வளவு பேர் வீட்டு வேலைக்குப் போனதில் அதுவே வேலைக்காரிக்குப் பெயராகிவிட்டது. எந்த நாட்டுக்காரியாக இருந்தாலும் சிறிலங்கியே.

"நாம இருந்த மாடில ஒரு பிலிப்பைன் பிள்ள. அவளையும் அவங்க மேடம் அப்பிடித்தான் கூப்பிடுவாங்க. அவளுக்குக் கோவம் வந்து, மேடத்தோட சண்ட பிடிக்க ஏலாம, எங்கிட்ட வந்து சண்ட பிடிச்சா, உங்க நாட்டுப் பேர நீங்களே வச்சிக்கங்கன்னு."

"நீங்க என்ன சொன்னீங்க அக்கா?"

"பாத்திரத்த கழுவு, பொறகு பேசுவோம்னேன்."